எடுத்தவுடன் பாராமை

(பாலக்கோட்டில் நிழற்படக் கலைஞர்களும் மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



ஒரு முகூர்த்த வேளையை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை நாலாபுறமிருந்தும் வந்து விழுகிறது, மணமகன் முடிச்சிடுகிறான், நாத்தனார் முறையுள்ளவள் பின்னால் நின்று மிச்ச முடிச்சைப் போடுகிறாள். பல மாதகாலம் இரண்டு குடும்பங்கள் பட்ட பிரயாசையெல்லாம் திரண்டு நிற்கிற அந்த வைபவம் அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. முடிந்த மறுகணம் மேடையைச் சுற்றி நிற்கும் நிழற்படக்காரர்கள் எல்லோரும், சொல்லிவைத்தாற்போல், தலையைக் குனிந்து தத்தம் காமிராவின் முதுகுப்புறத்திலுள்ள சிறு திரையைப் பார்க்கிறார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் பெண்ணின் தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். காலையிலிருந்து பந்திக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்த தகப்பனார் முதன்முறையாக ஓர் இடத்தில் அசையாமல் நிற்கிறார். தாலி ஏறிய கழுத்தை மணப்பெண் தன் விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். இவற்றில் ஒன்றும் ஆல்பத்தில் வருவதில்லை. காண்பதற்கென்றே கூலி பேசி அமர்த்திய கண்கள் அப்போது வேறிடத்தில் இருந்தன.

எடுத்த படத்தை எடுத்த க்ஷணமே பார்த்துவிட வேண்டும் என்னும் இந்த அவாவைக் குறித்தே இன்று பேச நினைக்கிறேன். அதை ஒரு பாதகமாகச் சித்திரிப்பது என் உத்தேசமன்று. தான் செய்த காரியம் பலித்ததா என்று அறிய விரும்புவது மனித சுபாவம். ஆயினும், காண்பதும் கண்டதைச் சீர்தூக்குவதும் வெவ்வேறு தொழில்கள் என்பதும், ஒரே மனம் இரண்டையும் ஒரே க்ஷணத்தில் செய்யப் புகுந்தால் காண்பது தடைப்படுவதோடு சீர்தூக்குவதும் பழுதுபடும் என்பதும் என் அபிப்பிராயம். அதற்கான காரணங்களை நம் ஊருக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மாரண்டஅள்ளி வழியாக ஓசூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு இராயக்கோட்டை மலை நன்கு பழக்கமானது. 1791இல் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அந்த மலையின்மேல் சிதைந்து கிடக்கிறது. இந்த வட்டாரம் முழுவதும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்தில், அதாவது தருமபுரி தனி மாவட்டமான 1965க்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னதாக, லின்னேயஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக நியமனம் பெற்று, மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, 1857ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் அவர் எடுத்த படங்கள் கலைவரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். அவற்றோடு சேர்ந்து 1858இல் வெளியான தொகுதிகளுள் ஒன்று, இராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் மற்றும் சில இடங்களும் அடங்கியது என்பதை மட்டும் இந்தப் பக்கத்தில் எவரும் சொல்லிக்கொள்வதில்லை. நம் வீட்டு வாசலில் ஒரு பெரிய கலைஞர் முக்காலியை ஊன்றிவிட்டுப் போயிருக்கிறார். நாம் அறியாமலே இருந்திருக்கிறோம்.

டிரைப் பெரிதும் கையாண்ட முறை, பிரான்சு தேசத்தவரான குஸ்தாவ் லெ கிரே 1851இல் வெளியிட்ட மெழுகுக் காகித முறை. மெல்லிய காகிதத்தில் மெழுகை உருக்கி ஊறவிட்டு, அயோடைடு உப்பு கலந்த கரைசலில் தோய்த்து உலர்த்தி, பின்பு வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து ஒளியுணர்வு ஏற்றினால், அந்தக் காகிதத்தைச் சில நாட்கள் வைத்திருந்துகூடப் பயன்படுத்தலாம். காமிராவுக்குள் ஒளி பட்ட பிறகும் அதை அங்கேயே கழுவ வேண்டுவதில்லை. கூடாரத்துக்குத் திரும்பி, இருட்டில், காலிக் அமிலக் கரைசலில் இட்டு மெதுவாக உருவத்தை வரவழைத்துக்கொள்ளலாம். வெயிலில் கருந்துணிக்குள் தலையை நுழைத்துத் தலைகீழாகத் தெரிகிற காட்சியை அமைத்து, நிமிஷக்கணக்கில் ஒளியை உள்ளே விட்டு, மூடியை மாட்டிவிட்டால், அதன்பின் அந்த இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. மலைதான் இருக்கிறது. ஆகவே மறுபடியும் மலையையே பார்க்கத் தோன்றும்.

இந்தக் கட்டாயமான தாமதம் அவரை அசிரத்தை உள்ளவராக ஆக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று பொருத்தி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். காமிரா சுவரிலிருந்து நிற்கும் தூரமும் உயரமும் ஒவ்வொரு தடவையும் ஒத்திருக்க வேண்டும். வரிகள் ஒரு படத்தில் முடிந்த இடத்திலிருந்து அடுத்ததில் தொடர வேண்டும். முன்னதைத் திரையில் பார்த்துப் பின்னதைத் திருத்திக்கொள்ளும் வசதி இல்லாத ஒருவர், அளவுகோலாலும் நிதானத்தாலுமே அதைச் சாதித்தார். அக்காலத்து எதிர்ப்படங்களிலிருந்து எடுத்த பிரதிகளில் வானம் வெறும் வெள்ளையாகவே விழும். அவரோ ஊர் திரும்பியபின், எதிர்ப்படத்தை எதிரே வைத்துக்கொண்டு, தூரிகையால் மேகங்களை வரைந்து சேர்த்தார். பார்ப்பதற்கும் திருத்துவதற்கும் அவர் வைத்திருந்த வேளை வேறு. எடுப்பதற்கு வைத்திருந்த வேளை வேறு. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், இவையெல்லாம் அரசுக்கு ஆடம்பரச் செலவு என்று கருதி அந்த அலுவலுக்கே முடிவு கட்டினார். நிதி அதிகாரிகளின் மனோபாவம் நூற்றறுபது வருஷத்தில் அதிகம் மாறிவிட்டதாகத் தெரியவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், எழவும் வேண்டும். அந்தக் காலத்தில் எல்லோருமே காத்திருக்கவில்லை. அதே 1851இல் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகடு முறையில், கண்ணாடித் தகட்டின்மேல் பூசிய கொலோடியன் உலருவதற்குள் படமெடுத்து அங்கேயே கழுவியாக வேண்டும். 1863க்கும் 1866க்கும் இடையே மூன்று முறை இமயம் ஏறிய சாமுவேல் போர்ன், கூலியாட்களின் தலையில் இருட்டுக் கூடாரத்தைச் சுமக்கச் செய்ததும் இதன் பொருட்டே. எடுத்த சில நிமிஷத்திலேயே அவர் தம் படத்தின் யோக்கியதையை அறிந்துவிடுவார். பிடிக்காவிட்டால் மற்றொரு தகட்டைப் பூசுவார். எனவே உடனே பார்ப்பது டிஜிட்டல் யுகத்தின் கண்டுபிடிப்பு என்று சொல்வது சரித்திரத்துக்குப் பொருந்தாது. 1948இல் விற்பனைக்கு வந்த போலராய்டு காமிராவும், அப்பா எடுத்த படத்தை இப்போதே ஏன் பார்க்க முடியாது என்று அதை உருவாக்கிய எட்வின் லாண்டின் சிறு மகள் கேட்ட கேள்வியிலிருந்தே பிறந்ததாகச் சொல்வார்கள். குழந்தையின் கேள்வி நியாயமானதே. ஆனால் போர்ன் எடுத்தது மலை. அவர் கூடாரத்துக்குள் புகுந்து வெளிவரும்வரை அது இடம்பெயராமல் நின்றிருக்கும். மணப்பெண்ணின் தாய் அப்படி நிற்பாளா?

உடனே பார்ப்பது முற்றிலும் கூடாது என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பக்கத்தில் கரும்பு பயிரிட்டு வெல்லம் காய்ச்சுகிறவர்கள், பாகு கொப்பரையில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்க்கிறார்கள். அச்சில் வார்த்துவிட்ட பிறகு பதம் பார்ப்பாரில்லை. நிழற்படக்காரருக்கும் பதம் பார்க்கும் வேளை ஒன்று உண்டு. மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், மணவறையில் யாரையாவது நிற்கவைத்து, நாலைந்து படம் எடுத்து, வெள்ளை வேட்டியின் மடிப்பு தெரிகிறதா, பட்டுப்புடவையின் சரிகை வெளிறிப் போகிறதா, விளக்குகளின் நிறம் முகத்தை மஞ்சளாக்குகிறதா, இரண்டு நினைவு அட்டைகளும் படத்தை ஏற்கின்றனவா என்று திரையில் நன்றாகப் பார்க்கட்டும். வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வரைபடத்தையும் பார்க்கட்டும். மேளம் தொடங்கியபின் அந்தத் திரைக்கு அங்கே வேலை இல்லை.

காமிராவின் முதுகில் இந்தத் திரை எப்போது வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1975இல் கொடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் இயற்றிய முதல் டிஜிட்டல் காமிராவுக்கு ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் பிடித்தன. பார்க்க வேண்டுமானால் நாடாவைக் கழற்றித் தொலைக்காட்சியோடு இணைத்த வேறொரு கருவியில் போட வேண்டும். பொதுமக்களுக்கென்று விற்ற காமிராவில் பின்புறத் திரையை அமைத்து 1995இல் சந்தைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் காசியோ நிறுவனம். அதன் மறு ஆண்டு, 1996 பிப்ரவரியில், சென்னையில் ஒருவர் காலமானார். அவர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர்களைப் பற்றி அவரைப்போல் எழுதியவர்கள் அரியர். பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து, பூதாகாரமான ஒரு காமிராவை உருவாக்கி, அதற்குப் பரிகாசமாக ‘சூப்பர் பாண்டரோசா’ என்று நாமகரணம் செய்து, யானைக் கூட்டங்களையும் காட்டெருமைகளையும் கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே படம் பிடித்தார்.

கிருஷ்ணனின் படங்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது. ஒரு யானையை எதிரே வைத்துக்கொண்டு காமிராவின் முதுகைப் பார்ப்பவன் புத்திசாலி ஆகமாட்டான் என்பது ஒருபுறம் இருக்கட்டும். படம் விழுந்ததோ இல்லையோ என்ற நிச்சயமின்மை, அந்தப் பிராணி என்ன செய்தது, காதை எப்போது விரித்தது, குட்டி எந்தப் பக்கமாக நகர்ந்தது என்பதையெல்லாம் மனத்தில் எழுதிவைத்துக்கொள்ளும்படி அவரை நிர்ப்பந்தித்திருக்க வேண்டும். படச்சுருள் ஏமாற்றினாலும் கட்டுரை மிஞ்சும். எழுத்தாளரும் நிழற்படக்காரரும் ஒருவராகவே அவரிடம் இருந்ததற்கு இந்தக் கட்டாயமான கவனமும் ஒரு காரணமென்று நான் ஊகிக்கிறேன்.

நமக்குச் சற்றுக் கிழக்கே, திருவண்ணாமலையில் நடந்ததும் இதற்குச் சார்பானதே. பிரெஞ்சுக்காரராகிய ஹென்றி கார்த்தியே-பிரஸோன், 1950 ஏப்ரலில், ரமண மகரிஷி நோயுற்றுக் கிடந்த இறுதி நாட்களில், ஆசிரமத்தில் இருந்து படங்கள் எடுத்தார். அந்த மாதம் 14ஆம் தேதி இரவு மகரிஷி சமாதி எய்தியபோது வானத்தில் ஓர் ஒளி மெல்லச் சென்றதைத் தாம் கண்டதாக அவர் கூறியிருக்கிறார். அம்மாதம் முடிவதற்குள் புதுச்சேரிக்குப் போய், பல்லாண்டுகளாகப் படம் எடுக்க இசையாமலிருந்த ஸ்ரீ அரவிந்தரையும் எடுத்தார்; அரவிந்தர் அவ்வருஷம் டிசம்பரில் மறைந்தார். இந்த இரண்டு சந்தர்ப்பங்களும் மறுபடி வாய்க்கக்கூடியவை அல்ல. கார்த்தியே-பிரஸோனோ படச்சுருளைத் தம் கையால் கழுவிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்; 1947இல் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய மாக்னம் நிறுவனத்துக்குச் சுருள்களை அனுப்பிவிடுவார்; தாம் எடுத்ததைப் பிற்பாடுதான் அச்சுப்பிரதிகளில் ஆற அமரப் பார்ப்பார். சரியாக விழுந்ததா என்ற சஞ்சலம் அவருக்கும் இருந்திருக்கும். அதைத் தீர்த்துக்கொள்ள வழி இல்லாமையால், அடுத்ததைப் பார்ப்பதே வழியாயிற்று.

மறுபுறத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கேரி வினோகிராண்ட், எடுத்த நேரத்து உற்சாகம் தணிந்த பிறகே படத்தின் தரத்தை நிர்ணயிக்க வேண்டுமென்று, சுருள்களை ஓராண்டு, ஈராண்டு கழித்தே கழுவுவார். எடுத்த பொழுது மனம் மகிழ்ந்திருந்தால் படமும் நன்றாயிருப்பதாக எண்ணிவிடுகிறோம் என்பது அவர் கருத்து, அது உண்மை. ஆனால் 1984இல் அவர் இறந்தபோது கழுவாத சுருள்களே சுமார் 2,500 கிடந்தன. தாமதம் ஒரு சாதனம். அதுவே பழக்கமாகி அளவு கடந்தால் கலைஞன் தன் வேலையைத் தானே பாராமல் போய்ச் சேர்கிறான். நான் கேட்பது ஓராண்டு விரதமன்று, ஒரு நாள் அவகாசம்; அதுவும் கூடாதென்றால், நிகழ்ச்சி முடியும்வரை.

இனி, அந்தத் திரை உண்மை சொல்கிறதா என்பதையும் விசாரிப்போம். நம் பக்கத்துப் பாரதக் கூத்துகளை எடுக்கப் போகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இரவுக் கூத்தில், சுற்றிலும் இருள் சூழ்ந்திருக்க, கையிலுள்ள திரை மட்டும் பிரகாசமாக ஒளிர்வதால், போதிய வெளிச்சமின்றி விழுந்த படமும் அதில் கண்ணுக்கு நிறைவாகத் தோன்றும். வீட்டுக்குப் போய்க் கணினியில் திறந்தால் கட்டியங்காரன் முகம் கரியாயிருக்கும். பகலில் நடக்கும் துரியோதனன் படுகளத்தில் இதற்கு நேர்மாறு. களிமண்ணால் சமைத்துக் கிடத்திய அந்த நெடிய உருவத்தைச் சுற்றிப் பீமன் ஓடிவர, வெட்டவெளி வெயிலில் திரையில் ஒன்றுமே தெரியாது. உள்ளங்கையால் நிழல் கட்டிக்கொண்டு உற்றுப் பார்ப்பதற்குள் திரௌபதி கூந்தலை முடிந்துவிடுவாள். மேலும், மூன்று அங்குலத் திரையில் முகம் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்பதைப் பெரிதாக்கிப் பாராமல் அறிய முடியாது. பெரிதாக்கிப் பார்ப்பதோ இன்னும் நேரத்தைத் தின்பது.

கண்ணின் இயல்பு ஒன்றும் இதில் உண்டு. இருட்டுக்கு நம் விழி முழுதும் பழகுவதற்கு இருபது, முப்பது நிமிஷங்கள் வேண்டும். பிரகாசமான திரையை ஒருமுறை உற்றுப் பார்த்தால் அந்தப் பழக்கம் பெரும்பகுதி கலைந்துவிடும். கூத்து மேடையின் விளக்கொளிக்கு அப்பால், கோணிப்பையை விரித்துப் பேரக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவியின் முகத்தில் அபிமன்யு வதம் என்ன செய்கிறது என்பது, திரையிலிருந்து நிமிர்ந்தவனுக்குத் தெரிவதில்லை. என் மதிப்பில், மேடையில் நடப்பதைவிட மேலான படம் அவள் முகம்.

பார்ப்பதோடு நின்றாலும் பாதகமில்லை. பார்த்தவுடன் அழிக்கும் கையொன்று கூடவே வருகிறதே, அதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துவது. அமெரிக்க நிழற்படச் செய்தியாளர் டிர்க் ஹால்ஸ்டெட், 1996இல் நிதி திரட்டும் விழா ஒன்றில், ஜனாதிபதி கிளிண்டன் கூட்டத்தில் ஓர் இளம்பெண்ணை அணைத்துக்கொள்ளும் படத்தைப் பிலிமில் எடுத்தார். அன்றைக்கு அதில் செய்தி ஒன்றுமில்லை. நூற்றோடு ஒன்றாய்ப் பெட்டிக்குள் போயிற்று. 1998இல் கிளிண்டனுக்கும் மோனிகா லெவின்ஸ்கி என்னும் அந்தப் பெண்ணுக்கும் இருந்த உறவு பற்றிய விவகாரம் வெடித்தபோது, இந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று ஐயுற்று, ஆயிரக்கணக்கான ஸ்லைடுகளைத் தேடச் செய்து அதைக் கண்டெடுத்தார். அது ‘டைம்’ இதழின் அட்டையில் வந்தது. அதே விழாவில் டிஜிட்டல் காமிராவோடு நின்றவர்கள், பிரயோசனமற்றவை என்று கருதித் தம் படங்களை அழித்துவிட்டிருந்தார்கள் என்று அவர் பின்னர் எழுதினார். எடுத்த நிமிஷத்தில் நாம் பார்ப்பது நடுவிலுள்ள ஆளை மட்டுமே. ஓரத்தில் நிற்பவர் யார் என்பதைக் காலம்தான் சொல்லும். நம் கல்யாண ஆல்பங்களிலும் பத்து வருஷம் கழித்து வீட்டார் தேடுவது பெரும்பாலும் மணமக்களையன்று. பின்வரிசையில் பாதி முகம் மறைந்து நிற்கும், இப்போது உயிரோடில்லாத ஒரு பாட்டியையோ சித்தப்பாவையோதான்.

மற்றொரு விளைவும் சொல்லத் தக்கது. திரையில் பார்த்துத் திருப்தியுறாத நிழற்படக்காரர், “மாப்பிள்ளை, இன்னொரு தரம் தாலியை அப்படியே பிடியுங்கள்” என்று கேட்கிறார், மாப்பிள்ளையும் பிடிக்கிறார், சாஸ்திரம் அறிந்த புரோகிதரும், நாதஸ்வரக்காரரும், பெரியவர்களும் வாளாவிருக்கிறார்கள். எதற்குச் சாட்சியாக அழைக்கப்பட்டாரோ அந்தக் கிரியைக்கே அவர் சூத்திரதாரியாகிவிட்டார். பாராதிருந்தால் கேட்கவும் தோன்றியிராது.

பாராதிருப்பதன் நன்மையை வியாபாரிகளும் கண்டுகொண்டார்கள் என்பது வேடிக்கை. ஜெர்மனியின் லைக்கா நிறுவனம் 2014இல் 600 காமிராக்களைப் பின்புறத் திரையே இல்லாமல் செய்து விற்றது. 2016இல் அவ்வண்ணமே மற்றொரு காமிராவை வெளியிட்டது. இல்லாத ஒன்றுக்காகப் பல இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் செல்வந்தர்களும் உலகில் இருக்கிறார்கள். தவணை கட்டிக் காமிரா வாங்கிய பாலக்கோட்டு இளைஞருக்கு அந்தச் செலவு வேண்டாம். எடுத்தவுடன் படத்தைத் தானாகவே காட்டும் அமைப்பை நிறுத்திவைக்க அநேகமாக எல்லாக் காமிராவிலும் இடமுண்டு. கண்ணாடி இல்லாத புதுவகைக் காமிராக்களில் இது மிகவும் அவசியம். நிறுத்தாவிட்டால், எடுத்த படம் நீங்கள் கண் வைத்துப் பார்க்கும் துளையிலேயே வந்து நின்று, எதிரே நடப்பதைச் சில விநாடிகள் மறைத்துவிடும். திரையை மடக்கி உட்புறமாகத் திருப்பிவைக்க முடிந்த காமிராவானால் இன்னும் நலம். மின்கலமும் கூடுதலாக நிற்கும்.

கூட்டம் தொடங்குமுன் ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: “நாங்கள் பாராமல் இருந்துவிடுவோம் ஐயா, கல்யாண வீட்டார் சும்மா விடுவார்களா? பெண்ணின் தாய்மாமன் வந்து, எங்கே காட்டு தம்பி என்று தோளைத் தட்டினால் என்ன செய்வது?” நியாயமான கேள்வி, கூலி கொடுக்கிறவரை முறைத்துக்கொள்ள முடியாது. முன்னதாகப் பதம் பார்க்க எடுத்தீர்களே, அவற்றில் நல்லதாக இரண்டை வைத்திருந்து காட்டுங்கள். மிச்சத்துக்கு, “பந்தி போட்டாயிற்று மாமா, முதலில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், சாயங்காலம் எல்லாவற்றையும் பெரிய திரையில் போட்டுக் காட்டுகிறேன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அவர் இலையில் உட்கார்ந்ததும் பின்னாலேயே போய், பாயசம் பரிமாறும் சமயம் பார்த்து, அவரையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.